ஏறும் உரிமை: அமெரிக்கப் பேருந்துகளும் சக்கர நாற்காலிகளும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நகரங்களில் ஓடிய பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 35 அங்குல உயரத்தில் இருந்தது. அதை எட்டுவதற்கு முன்வாயிலில் செங்குத்தான படிகள் வைக்கப்பட்டிருந்தன. அச்சும் சக்கரங்களும் பிற இயந்திரப் பகுதிகளும் தளத்துக்கு அடியில் இடம்பெற்றதால் தளம் உயர்ந்ததே தவிர, எவரையும் வெளியே நிறுத்தவேண்டும் என்ற எண்ணத்துடன் எந்தப் பொறியாளரும் அந்தப் படிகளை வரையவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் படிகள், கறுப்பின மக்களைப் பின்னிருக்கைக்கு அனுப்பிய தெற்கு மாநிலச் சட்டங்களைப் போலவே, ஒரு தடையாணையாக நின்றன. அந்தப் படிகளை அகற்றுவதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் நடந்த போராட்டத்தின் வரலாறு, பொறியியல் திறன் குறைந்ததால் ஏற்பட்ட தாமதத்தின் வரலாறு அன்று. தேவையான கருவி கையில் இருந்தும், அதைப் பொருத்துவது கடமையா கருணையா என்ற கேள்விக்கு விடை காண ஒரு நாடு எடுத்துக்கொண்ட காலத்தின் வரலாறு.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முதுகுத்தண்டில் காயமுற்றவர்களில் பெரும்பாலோர் நோய்த்தொற்றால் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். போர்க்காலத்தில் பெனிசிலின் முதலிய மருந்துகள் பரவலானபின், காயமுற்ற படைவீரர்கள் நீண்டகாலம் வாழத் தொடங்கினர். இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோ நோய் 1952-இல் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 58,000 பேரைத் தாக்கியது. உயிர்பிழைத்த குழந்தைகள் பலர் 1960-களின் இறுதியில் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் வயதை அடைந்தனர். எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 1933-இல் வடிவமைத்த, மடக்கி மகிழுந்தில் வைத்துக்கொள்ளக்கூடிய எஃகுக் குழாய்ச் சக்கர நாற்காலி அதற்குள் நாடெங்கும் புழக்கத்துக்கு வந்திருந்தது. மகிழுந்து வாங்க வசதியுள்ள குடும்பத்தினருக்கு அது வெளியுலகைத் திறந்துவிட்டது. வசதியற்றவர்களோ வீட்டு வாசலோடு, அல்லது பராமரிப்பு இல்லத்தின் வாசலோடு, நின்றுவிட நேர்ந்தது.

தீர்வு என்ன என்பது அப்போதே தெரிந்திருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமொதி நியூஜெண்ட் என்பவர் நடத்திய மறுவாழ்வுத் திட்டத்தில், மாணவர்களைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றும் லிஃப்ட் பொருத்திய பேருந்துகள் 1950-களிலேயே வளாகத்துக்குள் குறிப்பிட்ட தடங்களில் ஓடின. கட்டடங்களைத் தடையின்றி அமைப்பதற்கான முதல் அமெரிக்கத் தர அளவீடு 1961-இல் வெளிவந்ததில் நியூஜெண்டின் பங்கு பெரிது. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 'பார்ட்' என்னும் விரைவு ரயில் திட்டம் உருவானபோது, சுரங்க விபத்தில் முடமாகிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஹாரல்ட் வில்சன், நிலையங்களில் மின்தூக்கிகள் அமையவேண்டும் என்று 1960-கள் முழுவதும் அதிகாரிகளிடம் விடாது எடுத்துரைத்தார். 1972 செப்டம்பரில் அந்த ரயில் ஓடத் தொடங்கியபோது, சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் முழுமையாகப் பயன்படுத்தத்தக்கதாக அமைந்த முதல் நகர விரைவு ரயில் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

தலைநகர் வாஷிங்டனில் அதே பயனை நீதிமன்றம் வழியாகத்தான் பெறமுடிந்தது. கூட்டாட்சி அரசின் பணத்தில் எழும் கட்டடங்கள் தடையற்றனவாக இருக்கவேண்டும் என்று 1968-இல் இயற்றப்பட்ட கட்டடத் தடைகள் சட்டம், 1970-இல் வாஷிங்டன் மெட்ரோவுக்கும் பொருந்துமாறு திருத்தப்பட்டது. அதன்பின்னும் மின்தூக்கிக்கு நிதி ஒதுக்காமல் பணி தொடர்ந்ததால் வழக்குத் தொடுக்கப்பட்டது. மின்தூக்கி இல்லாத நிலையத்தைத் திறக்கக்கூடாது என்று நீதிமன்றம் தடைவிதித்தது. அதனால் 1976 மார்ச்சில் மெட்ரோ தொடங்கியபோது கேலரி பிளேஸ் என்னும் நடுநகர நிலையத்தில் ரயில்கள் நில்லாமல் சென்றன. மின்தூக்கி அமைந்தபின், அவ்வாண்டு டிசம்பரில்தான் அதன் வாயில் மக்களுக்குத் திறந்தது. தடையாணையின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அந்தக் காலத்தில் வேறில்லை.

பேருந்துகளின் நிலைமை வேறு. பெரும்பாலான நகரங்களில் ரயில் கிடையாது. இருந்த நகரங்களிலும் ஏழைகளும் வேலையாட்களும் பேருந்தையே நம்பியிருந்தனர். நகரப் போக்குவரத்து நிறுவனங்கள் கூட்டாட்சி அரசின் மானியத்தில்தான் புதிய பேருந்துகளை வாங்கின என்பதால், மானியத்தின் நிபந்தனைகளே போராட்டக் களமாயின. நியூயார்க்கின் காங்கிரஸ் உறுப்பினர் மரியோ பியாஜி கொண்டுவந்த திருத்தத்தின்படி, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்று 1970-ஆம் ஆண்டின் நகரப் போக்குவரத்து உதவிச் சட்டம் அறிவித்தது. அடுத்து 1973-இல் நிறைவேறிய மறுவாழ்வுச் சட்டத்தின் இறுதியில், 504 என்ற எண்ணுடன் ஒரேயொரு வாக்கியம் இடம்பெற்றது: கூட்டாட்சி நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் தகுதியுள்ள எவரும் உடற்குறையைக் காரணமாகக்கொண்டு விலக்கப்படக்கூடாது என்பது அதன் பொருள். இனவேற்றுமையைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் சொற்களை ஒட்டி எழுதப்பட்ட அந்த வாக்கியம் எத்துணை தொலைவு பாயும் என்பதை, வாக்களித்த உறுப்பினர்களில் பலரும் அன்று உணர்ந்திருந்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இயற்றப்பட்டாலும், அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் கையெழுத்தாகாத வரையில் அது செயலுக்கு வராது. உடல்நலம், கல்வி, சமூகநலத் துறை அந்த விதிகளை நான்காண்டுகள் கிடப்பில் போட்டது. 1977 ஏப்ரல் 5 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவிலுள்ள அத்துறையின் அலுவலகத்தில், ஜூடித் ஹியூமன் முதலியோரின் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் நுழைந்து உள்ளிருப்புப் போராட்டத்தைத் தொடங்கினர். மூச்சுக்கருவியும் மருந்தும் உதவியாளரும் இன்றி ஓரிரவைக் கழிப்பதே உயிராபத்தாக இருந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் நாள்தோறும் சுடச்சுட உணவு கொண்டுவந்து கொடுத்தனர். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையொப்பமிட்டார். ஏனைய துறைகளும் தத்தம் விதிகளை வகுக்கவேண்டிய கட்டாயம் அதனால் உண்டாயிற்று. போக்குவரத்துத் துறையும் அவற்றுள் ஒன்று.

இதற்கிடையே, பேருந்தையே புதிதாகப் படைக்கும் முயற்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. 'ட்ரான்ஸ்பஸ்' என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டத்தை 1970-களின் தொடக்கத்தில் கூட்டாட்சி அரசு தன் செலவில் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளிட்ட மூன்று நிறுவனங்கள் மாதிரி வண்டிகளைச் செய்து, நகரங்களில் ஓட்டியும் காட்டின. தளத்தை 22 அங்குலத்துக்குத் தாழ்த்தி, வாயிலை அகலமாக்கி, சாய்தளம் வழியாகச் சக்கர நாற்காலி நேரே உள்ளே செல்லவேண்டும் என்பதே அதன் கருத்து. இத்தகைய பேருந்து கைக்கெட்டும் நிலையில் இருக்கும்போது பழையவற்றை வாங்க மானியம் தருவது சட்டத்துக்கு முரண் என்று ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மாற்றுத்திறனாளர் அமைப்பு 1976-இல் வழக்குத் தொடுத்தது. மறுஆண்டு போக்குவரத்து அமைச்சர் பிராக் ஆடம்ஸ், 1979 செப்டம்பருக்குப் பின் கூட்டாட்சிப் பணத்தில் வாங்கப்படும் பேருந்துகள் அனைத்தும் ட்ரான்ஸ்பஸ் வகையாகவே இருக்கவேண்டும் என்று ஆணையிட்டார். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி, ஃபிலடெல்ஃபியா ஆகிய நகரங்கள் சேர்ந்து ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒரு நிறுவனம்கூட விலை குறிக்க முன்வரவில்லை. உயர்தளத்தோடு கூடிய தம் புதிய வகைகளில் உற்பத்தியாளர்கள் அதற்குள் பெருமுதலீடு செய்துவிட்டிருந்தனர். தாழ்தளத்துக்கு ஏற்ற அச்சும் டயரும் தடுப்பானும் கிடைக்கா என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆணை கைவிடப்பட்டது. அரசே பணம் கொடுத்து உருவாக்கிய வண்டியை அரசாலேயே வாங்க இயலாமற்போனது, அந்தக் கால் நூற்றாண்டின் மிகப்பெரிய இழப்பு என்று கொள்வதில் தவறில்லை.

தாழ்தளம் கைநழுவிய பிறகு எஞ்சியது லிஃப்ட். இது பேருந்தின் வாயிலில் பொருத்தப்படும் நீரழுத்த விசைக் கருவி. ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் படிகளே விரிந்து தட்டையான மேடையாகித் தரைமட்டத்துக்கு இறங்கும். பயணி நாற்காலியோடு அதன்மேல் ஏறியதும் மேடை தளத்தின் உயரத்துக்கு எழும். ஒருவர் ஏற இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். செயின்ட் லூயிஸ் நகரம் 1977-இல் லிஃப்ட் பொருத்திய பேருந்துகளைப் பெரிய எண்ணிக்கையில் ஓட்டத் தொடங்கியபோது அவை அடிக்கடி பழுதுபட்டன. அந்தத் தோல்வி, லிஃப்டே வேண்டாம் என்போர் பல்லாண்டுகள் எடுத்துக்காட்டும் சான்றாயிற்று. சியாட்டில் நகரமோ உறுதியான வகையைத் தேர்ந்து, பழுதுபார்ப்பையும் ஓட்டுநர் பயிற்சியையும் அன்றாடப் பணியாக்கி, அதே கருவியை நன்றாகவே இயக்கியது. இரு நகரங்களுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டில், இயந்திரத்தைவிட நிருவாகத்தின் மனமே பெரும்பங்கு வகித்தது.

டென்வர் நகரின் கதை இந்த வரலாற்றின் நடுவில் வருகிறது. அந்நகருக்கு அருகிலிருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இளைஞர்களுக்கென ஒரு பிரிவு இருந்தது. பெற்றோரால் கவனித்துக்கொள்ள இயலாத, மூளைவாதமும் தசைநோயும் கொண்ட பதினெட்டு, இருபது வயதினர், இறப்பை எதிர்நோக்கியிருந்த முதியவர்களுடன் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். கறுப்பின மக்களின் குடிமை உரிமைகள் இயக்கத்தில் பங்கேற்ற பிரெஸ்பிட்டீரியன் போதகர் வேட் பிளாங்க் அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, இளைஞர்களின் வாழ்வை மாற்ற முற்பட்டு, அதனாலேயே பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் 1970-களின் நடுவில் 'அட்லாண்டிஸ்' என்னும் குடியிருப்புச் சமூகத்தை உருவாக்கி, அவர்களுள் ஒரு சிறு குழுவினரைத் தனி வீடுகளில் உதவியாளர்களோடு குடியமர்த்தினார். வெளியே வந்தவர்கள் விரைவில் கண்டுகொண்ட உண்மை இது: பேருந்தில் ஏறமுடியாவிட்டால் தனி வீடும் இன்னொரு பராமரிப்பு இல்லமே. கடைக்கும் கல்லூரிக்கும் வேலை தேடவும் செல்ல வழியில்லை. பேருந்துக்கான போராட்டம் பராமரிப்பு இல்லத்திலிருந்து பிறந்தது என்பதை மறந்தால், பின்னாளில் அதில் காணப்பட்ட பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

டென்வரின் வட்டாரப் போக்குவரத்து நிறுவனம் லிஃப்ட் இல்லாத புதிய பேருந்துகளை வாங்கியபோது அட்லாண்டிஸ் குழுவினர் 504-ஆம் பிரிவின்கீழ் வழக்காடினர். தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அதன்பின் 1978 ஜூலை 5 அன்று, பிராட்வே, கோல்ஃபாக்ஸ் ஆகிய இரு பெருஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் பத்தொன்பது மாற்றுத்திறனாளிகள் இரண்டு பேருந்துகளை முன்னும் பின்னும் சூழ்ந்து மறியல் செய்தனர். சிலர் நாற்காலியிலிருந்து இறங்கிச் சாலையிலேயே படுத்தனர். இரவு முழுவதும் அங்கேயே தங்கி, மறுநாளும் தொடர்ந்தனர். அவர்களைக் கைது செய்து ஏற்றிச்செல்லக் காவல்துறையினரிடமும் ஏற்ற வாகனம் இல்லை. அவர்கள் எதற்காகப் போராடினார்களோ அதை அந்தக் குறையே ஊரறியச் செய்தது. தொடர்ந்து பல ஆண்டுகள் நடந்த மறியல்களுக்கும் அலுவலக முற்றுகைகளுக்கும் பின்னர், 1980-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் புதிய பேருந்துகளில் லிஃப்ட் பொருத்த ஒப்புக்கொண்டது. அந்தச் சந்தியில் இன்று பத்தொன்பது பெயர்களையும் தாங்கிய நினைவுப்பட்டயம் பதிக்கப்பட்டுள்ளது.

நாட்டளவில் நிலைமை எதிர்த்திசையில் சென்றது. 1979-இல் போக்குவரத்துத் துறை வெளியிட்ட விதிகள், புதிதாக வாங்கப்படும் எல்லாப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏற வழியிருக்கவேண்டும் என்றும், பத்தாண்டுகளுக்குள் நெரிசல்நேரத்தில் ஓடும் பேருந்துகளில் பாதி அவ்வாறு மாறவேண்டும் என்றும் வகுத்தன. போக்குவரத்து நிறுவனங்களின் கூட்டமைப்பான அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துச் சங்கம் உடனே வழக்குத் தொடுத்தது. 504-ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறதேயன்றி, பெருஞ்செலவில் மாற்றங்களைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தவில்லை என்று 1981-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரேகன் அரசு அந்த ஆண்டே விதிகளைத் திரும்பப் பெற்று, உள்ளூர்த் தேர்வு என்ற கொள்கையைக் கொண்டுவந்தது: லிஃப்ட் பேருந்தா, தனி வண்டிச் சேவையா, இரண்டும் கலந்ததா என்பதை அந்தந்த நகரமே முடிவு செய்யலாம். இந்தியாவில் 1995-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவும், போக்குவரத்து நிறுவனங்கள் தம் பொருளாதார வலிமையின் வரம்புக்குள் வசதிகளைச் செய்யவேண்டும் என்றே வரையறுத்தது. செலவை முன்னிறுத்தி உரிமையைப் பின்னுக்குத் தள்ளும் இந்த வாதம் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையானது அன்று.

உள்ளூர்த் தேர்வு கிடைத்ததும் பெரும்பாலான நிறுவனங்கள் நாடியது 'பாராட்ரான்ஸிட்' எனப்படும் தனி வண்டிச் சேவையை. முன்கூட்டியே தொலைபேசியில் பதிவு செய்தவர்களை வீட்டிலிருந்து ஏற்றி, போகுமிடத்தில் இறக்கிவிடும் சிறு வண்டிகள் இவை. கேட்பதற்கு இது பேருந்தைவிட உயர்ந்த வசதியாகத் தோன்றும். உண்மையிலேயே பேருந்து நிறுத்தம் வரை செல்லமுடியாதவர்களுக்கு அது இன்றியமையாதது. ஆனால் வண்டி பெற ஒரு நாளோ பல நாட்களோ முன்னரே சொல்லிவைக்கவேண்டும். மருத்துவமனைக்குச் செல்பவருக்கு முன்னுரிமை, நண்பரைக் காணச் செல்பவருக்குக் கடைசி இடம். பல ஊர்களில் சேவையில் சேர்வதற்கே காத்திருப்போர் பட்டியல் இருந்தது. எங்கே, எதற்காகச் செல்கிறீர்கள் என்று பேருந்தில் ஏறும் மற்றவர்களிடம் எந்த ஓட்டுநரும் கேட்பதில்லை. தனியாக ஒதுக்கப்பட்ட வசதி சமமானதாக இருக்கமுடியாது என்று இனவேற்றுமை வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளுக்குச் சொன்னதை, போக்குவரத்துக்கும் பொருத்திக்காட்டுவதே போராட்டக்காரர்களின் வாதமாயிற்று.

எதிர்த்தரப்பினர் பயன்பாட்டுக் கணக்கை முன்வைத்தனர். லிஃப்ட் பொருத்திய வண்டிகளில் நாளொன்றுக்கு ஏறுவோர் மிகச்சிலரே என்பதால், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஆகும் செலவு அளவுகடந்தது என்றனர். ஒரு தடத்தில் ஓடும் பத்துப் பேருந்துகளில் இரண்டில் மட்டுமே லிஃப்ட் இருந்து, அவற்றுள் ஒன்று பழுதாகி, மற்றொன்றின் ஓட்டுநர் நிறுத்தாமல் சென்றுவிட்டால், வேலைக்குச் செல்பவர் அந்தத் தடத்தை நம்பமாட்டார், நம்பாதவர் வரமாட்டார், வராததைச் சுட்டித் தேவையே இல்லை என்று முடிவுகட்டுவது நேர்மையான கணக்கு அன்று. போகும் வண்டியிலும் திரும்பும் வண்டியிலும் மாறும் வண்டியிலும் தவறாமல் ஏறமுடியும் என்ற உறுதி வந்தபின்னரே பயணிகளின் உண்மையான எண்ணிக்கை தெரியவரும்.

அந்த உறுதியை வென்றெடுக்க 1983-இல் டென்வரில் 'அடாப்ட்' என்னும் அமைப்பு உருவாயிற்று. பயன்படுத்தத்தக்க பொதுப் போக்குவரத்துக்கான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்தது அதன் பெயர். கழுத்துக்குக் கீழ் செயலிழந்த மைக்கேல் ஆபெர்கர், வேட் பிளாங்க் ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தனர். பொதுப் போக்குவரத்துச் சங்கத்தின் மாநாடு எந்த நகரில் கூடினாலும் அங்கே சென்று மறியல் செய்வது அடாப்டின் வழிமுறையாயிற்று. டென்வரில் தொடங்கி, வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலிஸ், டெட்ராய்ட், சான்ஃபிரான்சிஸ்கோ என்று ஆண்டுதோறும் அந்தப் பயணம் நீண்டது. 1988-இல் எல்லை கடந்து கனடாவின் மாண்ட்ரியல் வரையிலும் சென்றது. பேருந்தின் அச்சோடு நாற்காலியைச் சங்கிலியால் பிணைத்துக்கொள்வது, படிகளில் கைகளால் ஊர்ந்து ஏறி, ஓட்டுநரிடம் கட்டணத்தை நீட்டுவது, மாநாட்டு விடுதியின் வாயிலை அடைப்பது ஆகியவை அவர்களின் முறைகள். ஏறியே தீருவோம் என்பது அவர்கள் ஒருமித்து எழுப்பிய முழக்கம். மாற்றுத்திறனாளர் அமைப்புகளுள் சிலவே இந்த முறைகள் மக்களின் பரிவை இழக்கச் செய்யும் என்று அஞ்சின. அடாப்ட் வேண்டியது பரிவை அன்று. அதனால் அதை இழப்பது பற்றி அதற்கு அச்சமும் இருக்கவில்லை.

சாலையில் மறியல் நடக்கும்போதே நீதிமன்றத்திலும் அமைப்பு வழக்காடியது. நிறுவனங்கள் தம் இயக்கச் செலவில் 3 விழுக்காட்டை மாற்றுத்திறனாளர் சேவைக்குச் செலவிட்டாலே கடமை தீர்ந்ததாகக் கருதப்படும் என்று 1986-ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருந்தன. அந்த உச்சவரம்புக்கு எந்த அடிப்படையும் இல்லை என்று 1989 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது; ஆயினும் உள்ளூர்த் தேர்வுக் கொள்கையை நிலைநிறுத்தியது. பழைய சட்டங்களை வைத்துக்கொண்டு இதற்குமேல் செல்லமுடியாது என்பது அந்தத் தீர்ப்போடு உறுதியாயிற்று.

புதிய சட்டம் அப்போது காங்கிரஸின் முன் இருந்தது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் என்ற அந்த முன்வடிவு கீழவையின் குழுக்களில் தேங்கியிருந்த நிலையில், 1990 மார்ச் 12 அன்று வெள்ளை மாளிகையிலிருந்து நாடாளுமன்றக் கட்டடம் வரை ஊர்வலம் சென்றவர்களுள் ஏறத்தாழ அறுபது பேர், நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் அடிவாரத்தில் விட்டுவிட்டு, அதன் பளிங்குப் படிகளில் முழங்கைகளாலும் முதுகாலும் ஊர்ந்து ஏறினர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களோடு ஏறினாள். மறுநாள் அக்கட்டடத்தின் நடுமண்டபத்தில் அமர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஜூலை 26 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

சட்டத்தின் போக்குவரத்துப் பகுதி நுட்பமாக எழுதப்பட்டிருந்தது. 1990 ஆகஸ்ட் 25-க்குப் பின் பொது நிறுவனங்கள் வாங்கும் அல்லது குத்தகைக்கு எடுக்கும் ஒவ்வொரு புதிய நகரப் பேருந்தும் சக்கர நாற்காலி ஏறத்தக்கதாக இருக்கவேண்டும். ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொரு ரயில் தொடரிலும் ஒரு பெட்டியாவது அவ்வாறு அமையவேண்டும். பேருந்தைப் பயன்படுத்த இயலாதவர்களுக்குத் தனி வண்டிச் சேவையும் தொடரும்; ஆனால் பேருந்துத் தடத்திலிருந்து முக்கால் மைல் தொலைவுக்குள் எங்கிருந்தும் அதைக் கேட்கலாம், கட்டணம் பேருந்தைவிட இருமடங்குக்கு மிகக்கூடாது, பயணத்தின் நோக்கத்தைக் கேட்டு முன்னுரிமை வழங்கக்கூடாது. ஓட்டுநர் நிறுத்தங்களின் பெயரை உரக்க அறிவிக்கவேண்டும் என்ற விதி பார்வையற்றவர்களுக்காகச் சேர்ந்தது. நடைமேடையின் விளிம்பைக் காலால் உணர்த்தும் குமிழ்ப் பட்டைகளையும் விதிகள் கட்டாயமாக்கின; 1967-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் செய்இச்சி மியாக்கே என்பவர் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் முதன்முதலில் பதித்த புடைப்புக் கற்களின் வழிவந்தவை அவை. சென்னை மெட்ரோ நிலையங்களில் காணப்படும் மஞ்சள் புடைப்புத் தரையோடுகளும் அதே மரபைச் சேர்ந்தவை.

பழைய வண்டிகளை மாற்றியமைக்குமாறு சட்டம் கேட்கவில்லை. புதிதாக வாங்குவதை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஒரு நகரப் பேருந்தின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள் என்ற கணக்கில்தான் கூட்டாட்சி மானியம் வழங்கப்படுவதால், அந்தச் சுற்று முடிந்தவுடன் படிகள் மட்டுமே கொண்ட வண்டிகள் தாமாகவே ஓய்வுபெற்றன. 2000-களின் நடுவில் நாட்டின் நகரப் பேருந்துகள் ஏறக்குறைய அனைத்தும் மாறிவிட்டன. நெடுந்தொலைவு ஓடும் தனியார் பேருந்துகளுக்கு மட்டும் விலக்கு நீண்டது: அவற்றுக்கான விதிகள் 1998-இல்தான் வந்தன, பெரிய நிறுவனங்கள் 2000 அக்டோபருக்குப் பின் வாங்கும் வண்டிகளுக்கே அவை பொருந்தின.

தாழ்தளமும் இதே காலத்தில் திரும்பி வந்தது. ஜெர்மனியின் நியோப்ளான் நிறுவனம் 1970-களிலேயே தாழ்தளப் பேருந்தைச் செய்துகாட்டியிருந்தது. 1990-களில் வட அமெரிக்காவில் அவ்வகை பரவியது. தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 15 அங்குலமே உயர்ந்து, நிறுத்தத்தில் வண்டி நடைபாதைப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து தாழ, ஒரு மடக்குச் சாய்தளம் விரிந்தால் சில நொடிகளில் நாற்காலி உள்ளே சென்றுவிடும். லிஃப்டும் தேவையில்லை, அதன் பழுதும் இல்லை. முதியவர், கருவுற்ற பெண், குழந்தை வண்டியைத் தள்ளிவரும் தாய் என அனைவரும் விரைந்து ஏறுவதால் நிறுத்தத்தில் வண்டி நிற்கும் நேரமும் குறைந்தது. 22 அங்குலத் தளம் இயலாது என்று 1979-இல் கைவிரித்த தொழில்துறை, இருபதாண்டுகளுக்குள் அதனினும் தாழ்ந்த தளத்தை வழக்கமான வகையாகவே விற்றது. சென்னையிலும் மாற்றுத்திறனாளிகள் பல்லாண்டுகள் நீதிமன்றத்தில் போராடிய பிறகு, 2024 ஆகஸ்ட்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் இயக்கத்துக்கு வந்தன.

ரயில் நிலையங்களின் நிலை வேறு. நூறாண்டு நிற்கும் சுரங்க நிலையத்துக்குப் பேருந்தைப் போல ஓய்வுபெறும் ஆண்டு கிடையாது. எனவே புதியதை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே மெல்லவே வேலை செய்தது. பழைய நிலையங்களுள் முக்கிய நிலையங்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்றே சட்டம் கேட்டது. அவற்றுக்கும் நீண்ட கால அவகாசம் பெற வழியிருந்தது. நியூயார்க்கில் உடல் செயலிழந்த முன்னாள் படைவீரர்களின் சங்கம் தொடுத்த வழக்கு 1984-இல் உடன்பாட்டில் முடிந்தபோது, நானூற்றுக்கும் மேற்பட்ட சுரங்க ரயில் நிலையங்களில் 54 மட்டுமே மாற்றத்துக்குத் தேர்வாயின. பின்னர் அந்த எண் நூறாக உயர்ந்தது. ஒரு நிலையத்தில் மின்தூக்கி இருந்து, இறங்கவேண்டிய நிலையத்தில் இல்லையென்றால் பயணம் நடவாது; முதல் நிலையத்திலுள்ள மின்தூக்கியே பழுதானாலும் அதே கதி. மறுபடியும் தொடுக்கப்பட்ட வழக்குகளின் முடிவில், 2022-இல் நகரின் போக்குவரத்து நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதன்படி, இன்னும் மாற்றப்படாத நிலையங்களில் 95 விழுக்காட்டில் மின்தூக்கியோ சாய்தளமோ அமையவேண்டிய கடைசி ஆண்டு 2055.